பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு ரூபாய் நோட்டை கலர் ஜெராக்ஸ் எடுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன, வகுப்பறைக்குத் தேவை என்ன?

இரவு எட்டரை மணி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுகிறது: ‘நாளை கணக்குப் பாடத்துக்கு 10 முதல் 500 வரையிலான ரூபாய் நோட்டுகளின் மாதிரி செய்து எடுத்து வரவும்.’ அம்மா பர்ஸில் இருந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறார்.

“அண்ணா, பையனோட ஸ்கூல் ப்ராஜெக்ட். இந்த நோட்டை எல்லாம் முன்னாடியும் பின்னாடியும் கலர்ல ஒரு காப்பி போட்டுக் கொடுங்க.”

கடைக்காரர் நோட்டைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுகிறார். “வேற எதுன்னாலும் எடுத்துத் தரேன்க்கா. ரூபா நோட்டு மட்டும் வேணாம். நாளைக்கு ஒண்ணுன்னா என் தலையிலதான் விடியும்.”

தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளுக்கு இது புதிய காட்சி அல்ல. ‘சின்னப் பசங்க ப்ராஜெக்ட்டுக்குப் போய் இவ்வளவு பயமா?’ என்று அம்மாவுக்குத் தோன்றலாம். ஆனால், அந்தக் கடைக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பள்ளிகள் இப்படியொரு வேலையைக் கொடுக்கலாமா? கொடுப்பதென்றால் எப்படிக் கொடுக்க வேண்டும்?

ஏன் இந்த ப்ராஜெக்ட்?

பணம் பற்றிய பாடம் தொடக்க வகுப்புக் கணக்கில் முக்கியமான பகுதி. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் அன்றாட வாழ்க்கையோடு சேரும் இடம் அது. நோட்டைத் தொட்டு, எண்ணி, கொடுத்து, மீதி வாங்கிப் பழகினால்தான் அந்தப் பாடம் மனதில் நிற்கும் என்று ஆசிரியர்கள் நினைப்பது சரிதான்.

இன்று இந்தத் தேவை கூடியிருக்கிறது. முன்பெல்லாம் பத்து ரூபாயைக் கையில் கொடுத்து, “போய் கொத்தமல்லி வாங்கிட்டு வா, மீதிச் சில்லறையைப் பார்த்து வாங்கு” என்று பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவார்கள். 2016-ல் யுபிஐ வந்த பிறகு, நகர்ப்புற வீடுகளில் பல குழந்தைகள் பார்ப்பதெல்லாம் க்யூஆர் கோடும், ‘டிங்’ என்ற சத்தமும்தான். பணம் கை மாறுவதையே பார்க்காத பிள்ளைக்கு, ‘50 ரூபாயில் 32 ரூபாய் போக மீதி எவ்வளவு?’ என்பது வெறும் கழித்தல் கணக்கு.

அசல் பணத்தை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. தொலைந்தால் யார் பொறுப்பு? 500 ரூபாய் நோட்டைக் கொடுத்தனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? ஆகவே மாதிரிப் பணம் வகுப்பறைக்கு வேண்டும். அது அசலைப் போலவே இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சம்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் ரூபாய் நோட்டு தொடர்பாக இரண்டு விதமான குற்றங்கள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கள்ளநோட்டு அடிப்பது. பிரிவு 178-ன்படி இதற்கு ஆயுள் தண்டனை, அல்லது பத்து ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால், ஒன்றைப் ‘போலியாகச் செய்தார்’ என்று சொல்ல, ஏமாற்றும் நோக்கம் இருக்க வேண்டும். அல்லது அதை வைத்து ஏமாற்று நடக்கக்கூடும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் சார்ட் பேப்பர் இந்தக் கணக்கில் வராது.

இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாதது. பிரிவு 182, ரூபாய் நோட்டைப் போலத் தோற்றமளிக்கும் எந்த ஆவணத்தையும் செய்வது, செய்விப்பது, எந்த நோக்கத்துக்காகவும் பயன்படுத்துவது, பிறரிடம் கொடுப்பது ஆகியவற்றைக் குற்றம் என்கிறது. ‘எந்த நோக்கத்துக்காகவும்’ என்ற சொல் இங்கே முக்கியம். விளம்பரத்துக்கு, அழைப்பிதழுக்கு, விளையாட்டுக்கு, ப்ராஜெக்ட்டுக்கு என்று எந்த விலக்கும் அதில் எழுதப்படவில்லை.

தண்டனை என்று பார்த்தால் சிறியதுதான்: 300 ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தின் 489இ பிரிவில் இது 100 ரூபாயாக இருந்தது. அப்படியொரு தாளை அச்சிட்டவர் யார் என்று போலீஸ் கேட்கும்போது, சட்டப்படியான காரணமின்றிச் சொல்ல மறுத்தால் 600 ரூபாய் வரை அபராதம். ஜெராக்ஸ் கடைக்காரரின் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். தாளில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவரே அதைச் செய்வித்தார் என்று எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

அப்படியென்றால் குழந்தை குற்றவாளியா?

இல்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றம் ஆகாது என்கிறது பிரிவு 20. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு, தான் செய்வதன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லையென்றால், அப்போதும் குற்றம் இல்லை என்கிறது பிரிவு 21.

ஆனால், பிரிவு 182-ல் ‘செய்விப்பது’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. செய்யச் சொன்னவர் ஆசிரியர். காசு கொடுத்து அச்சடித்தவர் பெற்றோர். அச்சடித்துக் கொடுத்தவர் கடைக்காரர். இவர்கள் யாரும் ஏழு வயதுக் குழந்தைகள் இல்லை. ஒரு ப்ராஜெக்ட்டுக்காக வழக்கு வருமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ‘சட்டத்தை மதிக்க வேண்டும்’ என்று சொல்லிக்கொடுக்கும் இடத்திலிருந்தே, சட்டம் வேண்டாம் என்று சொல்லும் வேலை வீட்டுப்பாடமாக வரலாமா என்பதுதான் பள்ளிகள் யோசிக்க வேண்டியது.

‘சில்ட்ரன் பேங்க்’ என்று அச்சிட்டால் போதாதா?

பெட்டிக்கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் ‘சில்ட்ரன் பேங்க் ஆஃப் இந்தியா’ என்று அச்சிட்ட விளையாட்டு நோட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. ரிசர்வ் வங்கியின் பெயர் இல்லையே, பிறகென்ன என்று பலர் நினைக்கிறார்கள்.

2017 பிப்ரவரியில் டெல்லியில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். பணமதிப்பிழப்புக்குப் பிறகு புதிய 2,000 ரூபாய் நோட்டு மக்கள் கைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம். அங்கே ஒரு ஏடிஎம்மில் பணம் எடுத்தவருக்கு ‘சில்ட்ரன் பேங்க் ஆஃப் இந்தியா’ என்று அச்சிட்ட 2,000 ரூபாய் தாள்கள் வந்தன. நிறமும் வடிவமும் அசல் போலவே இருந்தன. எழுத்தைப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

நோட்டை யாரும் படித்துப் பார்த்து வாங்குவதில்லை. நிறம், அளவு, காந்தி படம் ஆகிய மூன்றையும் பார்த்ததும் கை நீள்கிறது. சட்டத்தின் சொற்களும் அதற்கேற்பவே இருக்கின்றன. ‘அச்சு அசலாக’ இருக்க வேண்டும் என்று பிரிவு 182 கேட்கவில்லை. ‘எந்த வகையிலாவது ஒத்திருந்தால்’ என்றும் சொல்கிறது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைப்பது பாதுகாப்பு ஆகாது.

வெளிநாடுகளில் எப்படி?

சில நாடுகள் இதற்குத் தெளிவான அளவுகோல் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் டாலர் நோட்டின் கலர் படத்தை அச்சிட வேண்டுமென்றால், அசல் அளவில் முக்கால் பங்குக்குக் கீழே அல்லது ஒன்றரை மடங்குக்கு மேலே இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே அச்சிட வேண்டும். பயன்படுத்தி முடித்ததும் அச்சுக்கோப்புகளை அழித்துவிட வேண்டும். யூரோ நோட்டுக்கு, ஒரு பக்கப் படம் என்றால் நீள அகலம் 125 சதவீதமோ அதற்கு மேலோ, அல்லது 75 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். இரு பக்கப் படம் என்றால் இரண்டு மடங்கு அல்லது பாதி.

இந்தியச் சட்டத்தின் பிரிவு 182-ல் இப்படிப்பட்ட அளவு விலக்கு எதுவும் இல்லை. ஆனாலும், இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கும் யோசனை எல்லா ஊருக்கும் பொருந்தும்: பார்த்த உடனே, தொட்ட உடனே ‘இது பணம் இல்லை’ என்று தெரிய வேண்டும்.

நோட்டு வெளியே போனால் நஷ்டம் யாருக்கு?

ப்ராஜெக்ட் நோட்டு வகுப்பறையிலேயே தங்கிவிடுவதில்லை. பைக்குள் போகிறது, வீட்டுக்கு வருகிறது, தம்பி கையில் சிக்குகிறது, குப்பையில் விழுகிறது. இரு பக்கமும் கலரில் அச்சடித்து, அசல் அளவில் வெட்டிய ஒரு தாள், விளக்கு வெளிச்சம் குறைவான இடத்தில் நான்காக மடித்துக் கொடுக்கப்பட்டால் யார் ஏமாறுவார்கள்?

பல்பொருள் அங்காடியில் இருக்கும் கேஷியர் ஏமாறமாட்டார். மாலை நேரத்தில் சாலையோரத்தில் கீரைக் கட்டு விற்கும் பாட்டி ஏமாறுவார். பேருந்து நெரிசலில் நிற்கும் நடத்துநர் ஏமாறுவார். பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் ஏமாறுவார். நோட்டுகளின் மதிப்பைக் கண்டறிய அவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2020-ல் ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. அது எத்தனை ரூபாய் என்று சொல்லும். நோட்டு அசலா போலியா என்று சொல்லாது.

ஏமாந்தவருக்கு அந்தப் பணம் திரும்பவும் கிடைக்காது. போலி என்று தெரிந்த நோட்டை வங்கியில் கொடுத்தால், அதில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்துவிட்டு ரசீது மட்டும் தருவார்கள்; ஈடாக வேறு நோட்டு தரமாட்டார்கள். ஒரே பரிவர்த்தனையில் நான்கு போலி நோட்டுகள் வரை இருந்தால், மாதம் ஒருமுறை தொகுத்துப் போலீஸுக்கு அறிக்கை போகும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் எஃப்ஐஆர் பதிவாக வேண்டும். கீரை விற்ற பாட்டிக்கு ஒரு 200 ரூபாய் என்பது ஒரு நாள் பிழைப்பாக இருக்கலாம். 300 ரூபாய் அபராதத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

பாடத்துக்கு அசல் போன்ற நோட்டு தேவையா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். 500 ரூபாய் நோட்டை அச்சு அசலாக வரைந்து, வண்ணம் தீட்டி, சார்ட்டில் ஒட்டிய பிள்ளை என்ன கற்றுக்கொண்டது? ஓவியம் பழகியிருக்கலாம். பெரும்பாலும் வரைந்தது அப்பாவாக இருக்கும். அல்லது ஜெராக்ஸ் இயந்திரமாக இருக்கும்.

பணக் கணக்கின் சாரம் வேறு இடத்தில் இருக்கிறது. 10 ரூபாய், 20 ரூபாய் நோட்டுகளை மட்டும் வைத்து 50 ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? ஐந்து பத்து; மூன்று பத்தும் ஓர் இருபதும்; ஒரு பத்தும் இரண்டு இருபதும். மொத்தம் மூன்று வழிகள். இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்கு காந்தி படம் வேண்டாம். ‘10’ என்றும் ‘20’ என்றும் எழுதிய பத்துப் பன்னிரண்டு துண்டுத் தாள்கள் போதும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். சொப்பு வைத்துக் கடை போடும் விளையாட்டில் பூவரசு இலைதான் பணம். சில இடங்களில் புளியங்கொட்டை. எந்தப் பிள்ளையும் ‘இது நிஜப் பணம் மாதிரி இல்லையே’ என்று விளையாட்டை நிறுத்தியதில்லை. இதற்கு இவ்வளவு மதிப்பு என்று விளையாடுகிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் அது பணம். பொருளாதாரப் பாடத்தின் முதல் வரியும் கிட்டத்தட்ட அதுதான்.

வேறு எப்படிச் செய்யலாம்?

வகுப்புக்கென்று சொந்தமாக ஒரு பணம் உருவாக்கலாம். அதற்கு ரூபாய் என்று பெயர் வேண்டாம். பள்ளி வாசலில் வேப்பமரம் இருந்தால் ‘வேம்பு’ என்று வைக்கலாம். ‘ஐந்து வேம்பு’, ‘பத்து வேம்பு’ என்று பிள்ளைகளே பெயர் சூட்டட்டும். காந்தி படம், சிங்க முகச் சின்னம், ரிசர்வ் வங்கி பெயர், ரூபாய்க் குறியீடு எதுவும் வேண்டாம். சதுரமாகவோ வட்டமாகவோ வெட்டலாம். ஒரு பக்கம் மட்டும் வரைந்தால் போதும். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.

அடுத்து அதை வைத்துச் சந்தை நடத்தலாம். ஐந்து குழுக்கள், குழுவுக்குப் பத்து வேம்பு. ஏலத்துக்கு ஐந்து பென்சில்கள். எவ்வளவுக்குப் போகிறது என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். மறுநாள் ஆசிரியர் ஒவ்வொரு குழுவுக்கும் இருபது வேம்பு கொடுக்கிறார். பென்சில் அதே ஐந்துதான். ஏலத்தில் விலை நேற்றையதைவிட மேலே ஏறுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். “சார், கவர்மென்ட்டே நிறைய நோட்டு அடிச்சு எல்லாருக்கும் கொடுத்தா ஏழைங்களே இருக்க மாட்டாங்கல்ல?” என்று எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். அதற்கான பதில் அந்தப் பலகையிலேயே இருக்கும்.

இன்னொன்றும் நடக்கக்கூடும். யாராவது ஒரு பிள்ளை வீட்டிலிருந்து கூடுதலாக நான்கு ‘வேம்பு’ வரைந்து கொண்டுவரும். திட்ட வேண்டியதில்லை, அதுதான் அந்த ப்ராஜெக்ட்டின் சிறந்த நாள். ‘இப்படி எல்லோரும் வரைந்தால் நம்ம வேம்புக்கு என்ன ஆகும்?’ என்று கேட்டால் போதும். டீச்சர் கையெழுத்து போடலாம், வரிசை எண் கொடுக்கலாம், இத்தனைதான் வெளியிட்டோம் என்று நோட்டில் குறித்து வைக்கலாம் என்று வழிகளைப் பிள்ளைகளே சொல்வார்கள். கள்ளநோட்டு ஏன் எல்லோரையும் பாதிக்கும் என்பது அப்போது அறிவுரையாக இல்லாமல் அனுபவமாகப் புரிந்துவிடும்.

அசல் நோட்டையே பாடமாக்கலாம்

நிஜ நோட்டைப் பிள்ளைகள் பார்க்கவே வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். நகலெடுப்பதைவிட உற்றுப் பார்ப்பதில் விஷயம் அதிகம். வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு ஸ்கேலையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்யச் சொல்லலாம்:

• நோட்டின் பின்பக்க மொழிப் பட்டியலில் 15 மொழிகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ் மேலிருந்து எத்தனையாவது? (விடை: 13)

• நீளத்தை அளந்து அட்டவணை போடலாம். இப்போதைய வரிசையில் 10 ரூபாய் 123 மி.மீ., 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150 மி.மீ. மதிப்பு கூடக் கூட நீளம் ஏன் கூடுகிறது?

• கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கலாம். புதிய 100 ரூபாயில் முக்கோணமும், 500 ரூபாயில் வட்டமும் மேலெழும்பி இருக்கும். ஓரத்தில் 100-க்கு நான்கு சாய்கோடுகள், 500-க்கு ஐந்து. இவை யாருக்காக?

• பின்பக்கப் படம் எந்த இடம்? 10-ல் கொனார்க், 20-ல் எல்லோரா, 50-ல் ஹம்பி, 100-ல் ராணி கி வாவ், 200-ல் சாஞ்சி, 500-ல் செங்கோட்டை.

• தண்ணீரில் நனைந்தாலும் நோட்டு ஏன் சாதாரணத் தாள் போலக் கூழாகிவிடுவதில்லை? அது பருத்தியால் செய்யப்படும் தாள்.

நாணயத்துக்கு இன்னும் எளிய வழி உண்டு. நாணயத்தின் மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் உருவம் தாளில் விழும். கைக்கும் வேலை, கண்ணுக்கும் விருந்து. அசல் நோட்டையோ நாணயத்தையோ பசை தடவி சார்ட்டில் ஒட்டச் சொல்வது மட்டும் வேண்டாம், நோட்டு பாழாகும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் பழைய நோட்டுகளைத் தேடினால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை ஒருவர் மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டுச் சட்டம். படிப்பு, ஆய்வு, நாணயச் சேகரிப்புக்கு என்றால் 25 வரை வைத்திருக்கலாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது, நாளைக் காலையில் கொடுக்க வேண்டும் என்றால், ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டாம். சதுரத் தாள்களில் மதிப்பை மட்டும் பெரிதாக எழுதி, பிள்ளையையே அதற்குப் பிடித்த படத்தை வரையச் சொல்லுங்கள். “டீச்சர், நோட்டு மாதிரியே அச்சடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காம். அதனால இப்படிச் செஞ்சு அனுப்பியிருக்கோம்” என்று டைரியில் ஒரு வரி எழுதினால் போதும். பெரும்பாலும் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தால் மாற்றிக்கொள்வதில் தயக்கமும் இருக்காது.

ஏற்கெனவே அச்சடித்தவை வீட்டில் இருந்தால், முழுதாகக் குப்பையில் போடாமல் கிழித்துப் போடுங்கள். ஏன் கிழிக்கிறோம் என்று பிள்ளை கேட்டால், கீரை விற்கும் பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். பிரிவு 182 என்று சொல்வதைவிட, அது சீக்கிரம் புரியும்.